கேள்வி கேட்காத சி.டி.

ஸ்தனிஸ்லாஸுக்குத் தன் பெயரைச் சொல்ல வராது. ஞானஸ்நானத்தின்போது சாமியார் வைத்த பெயர். திக்குவாய்க்காரருக்கு இதைவிடப் பெரிய சோதனையை யாரும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது. முதல் எழுத்திலேயே மூச்சு முட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளிலும் பெண்ணின் தகப்பனார், “தம்பி பேரு என்ன?” என்று கேட்டார். இரண்டு இடத்திலும் பதிலை அம்மாதான் சொன்னாள். மூன்றாவது வீட்டுக்கு ஸ்தனிஸ்லாஸ் வர மறுத்துவிட்டார். 1999-இல் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, முத்தழகுபட்டி வீட்டில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர் என்பதால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பார்சல் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்தபோது, பேசாத ஆள் என்று அவரைத்தான் அந்த ஏசி அறைக்குள் உட்காரவைத்தார்கள். அவருக்கும் அது ஒத்துப்போயிற்று. மெஷின் எழுத்தில் கேட்கும், விரலால் பதில் சொன்னால் போதும். அது அவசரப்படுத்தாது. பாதியில் குறுக்கிட்டு வார்த்தையைப் பிடுங்கி முடிக்காது.

2001-இல் முதலாளி நாற்பத்திரண்டு கிளைகளுக்கும் தலா ஒரு சர்வர் வாங்கிப்போட்டார். அதில் லினக்ஸையும், புக்கிங் விவரங்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸையும் ஏற்றுவது ஸ்தனிஸ்லாஸின் வேலை. சி.டி.க்களைப் பையில் போட்டுக்கொண்டு நிலக்கோட்டைக்கும் எரியோட்டுக்கும் பஸ் ஏறுவார். மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்தக் கீபோர்டு, டிஸ்க்கை எத்தனையாகப் பிரிக்க, பாஸ்வேர்ட் என்ன. அது முடிந்தால் டேட்டாபேஸின் கேள்விகள். யார் பெயரில் ஓட வேண்டும், தகவல்களை எங்கே வைக்க, மெமரியில் எவ்வளவு எடுத்துக்கொள்ள. ஒரு பதில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒரு கிளைக்கு முழுசாக ஒரு நாள் பிடிக்கும்.

ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மனிதர்கள் வந்து பேசுவார்கள். டீ வாங்கித் தருவார்கள். அவர் திணறினால் வார்த்தையை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள், உதவி செய்வதாக நினைத்து.

வடமதுரைக் கிளையில் புக்கிங் பார்த்த ரம்ஜான் பீவி மட்டும் அப்படிச் செய்யவில்லை. அவரைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் நாளே, “தம்பி பேரு என்ன?” என்று கேட்டுவிட்டு, பார்சலில் லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தார். ஸ்தனிஸ்லாஸ் மூன்று தடவை முட்டி, நாலாவது தடவையில் சொல்லி முடித்தார். அதற்குள் ஆறு லேபிள் ஒட்டியாகிவிட்டது.

“நல்ல பேருதான். கையக் கழுவிட்டு வாங்க, சாப்புடுவோம். வெஞ்சனம் கத்திரிக்காதான்.”

வேறொன்றும் கேட்கவில்லை. கரண்ட் ஏறி இறங்கி அந்தக் கிளையின் டிஸ்க் ஒரே வருஷத்தில் மூன்று தடவை போனது. மூன்று தடவையும் ஸ்தனிஸ்லாஸ் முகத்தைச் சுளிக்காமல் பஸ் ஏறினார்.

2003-இல் டேட்டாபேஸின் புதுப்பதிப்பை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே வாரத்தில் ஏற்றச் சொன்னார் முதலாளி. பஸ்ஸில் போய் ஆகிற காரியமா? போனில் சொல்லித்தான் ஏற்ற வேண்டும் என்றார். நாற்பத்திரண்டு பேரிடம் ஸ்தனிஸ்லாஸ் போனில் பேச வேண்டும்.

மெஷின் கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் தெரிந்தவைதானே. பதில்களை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால்? ஒரு மாசம் தவணை கேட்டு, அறைக்குள் அடைந்துகொண்டு, மெஷின் தானே படித்து வேலையை முடிக்கும் ஸ்கிரிப்ட் எழுதினார். ஓரத்தில் கிடந்த பழைய மெஷினில் போட்டுப் பார்த்தார். டிஸ்க்கின் பெயர் வேறாக இருந்தால் நின்றது. நிற்காமல் அதுவே தேடிக் கண்டுபிடிக்கச் செய்தார். மெமரியை அளந்து அதுவே பங்கு வைக்கும்படி செய்தார். பழைய புக்கிங்கை முதலில் தனியே எடுத்து வைத்து, எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று எழுதினார். பதினோரு தடவை தோற்றது. பன்னிரண்டாவது தடவை ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடி, நாற்பது நிமிஷத்தில் டேட்டாபேஸை எழுப்பிவிட்டு, சி.டி.யை வெளியே தள்ளியது.

நாற்பத்திரண்டு சி.டி. எழுதி, கம்பெனி வேனிலேயே அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘சி.டி.யைப் போட்டு மெஷினை ஆன் செய்யவும். வெளியே வந்ததும் எடுத்துவிடவும்.’ மூன்றே நாளில் எல்லாக் கிளைகளும் முடிந்தன. ஒரு போன் வரவில்லை. முதலாளி அறைக்கே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

டிஸ்க் கெட்டாலும் இனி புது டிஸ்க்கையும் சி.டி.யையும் வேன் கொண்டுபோகும். பஸ் பயணம் நின்றது. ஏசி அறையில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை மெஷினின் ஃபேன் இரைச்சல் மட்டும். சில நாள் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது, இன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று நினைவு வரும். பேச்சை விட்டுத் தப்பிக்க எழுதிய ஸ்கிரிப்ட் இம்புட்டு நன்றாக வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

2005-இல் அடுத்த பதிப்பு வந்தபோது ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். கடைசிக் கட்டத்தில் மெஷின் நின்று, ‘தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து எண் பெறவும்’ என்று காட்டும். அவர் சொல்லும் எண்ணை அடித்தால் மேலே ஓடும். அந்த எண்களை அவரே எழுதி வைத்துக்கொண்டார். ஒன்று, ஆறு, ஏழு ஆகிய மூன்று இலக்கங்கள் மட்டுமே வரும்படி. அவை அவர் நாக்கில் தட்டாமல் வரும் எண்கள்.

அந்த வாரம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எரியோட்டிலிருந்து அருளப்பன் மழையைப் பற்றிச் சொன்னார். நிலக்கோட்டையில் மல்லிகை மூட்டைகள் நாறிக்கொண்டிருக்கின்றனவாம், வேன் எப்போது வரும் என்று கேட்டார்கள். ரம்ஜான் பீவி எண்ணை எழுதிக்கொண்டு, “நல்லாருக்கீங்களா தம்பி? ஆளே காணோமே” என்றார். “ந...நல்லாருக்கேன்க்கா” என்று சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது.

2007-இல் விக்னேஷ்குமார் என்ற எஞ்சினியரைச் சேர்த்தார்கள். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். புதிய பதிப்புக்காக ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தான்.

“அண்ணே, சூப்பரா எழுதிருக்கீங்க. இந்த நம்பர் கேக்குற வரி மட்டும் எதுக்குண்ணே?”

“செ... செ...”

“செக்கிங்கா? ஆனா என்ன நம்பர் அடிச்சாலும் போகுதே. வெறும் எண்டர் தட்டுனாக்கூட போகுது.”

ஸ்தனிஸ்லாஸ் திரையை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

“டெஸ்டிங்குக்குப் போட்டு மறந்துட்டீங்க போல. எடுத்துரவா?”

இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ‘இ’ மட்டும் வந்தது. அவன் சரியென்று எடுத்துக்கொண்டு அந்த வரியை அழித்துவிட்டான்.

அந்தத் தடவை சி.டி.க்கள் போய் மூன்று நாளும் அறை அமைதியாக இருந்தது. நாலாம் நாள் மதியம் போன் அடித்தது.

“தம்பி, வடமதுரை ரம்ஜான் பீவி. சி.டி. வெளிய வந்துருச்சு, நம்பரே கேக்கலியே. தப்பாப் போட்டுட்டனா?”

“இ...இல்லக்கா. இனிமே கே...கேக்காது.”

அத்தோடு வைத்திருக்கலாம். விக்னேஷ்குமார் சாப்பிடப் போயிருந்தான். ஸ்தனிஸ்லாஸ் ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அந்த நம்பர் சு...சு...சும்மாதான்க்கா கேட்டேன். யா...யாராவது பேசுவாங்கன்னு.”

வெகுநேரம் பிடித்தது சொல்ல. அந்தப் பக்கம் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

“தெரியும் தம்பி. போன தடவ நான் ஒரு நம்பர மாத்தி அடிச்சுட்டேன். அதுவும் போயிருச்சு.” லேபிள் கிழிக்கும் சத்தத்தோடு, “சரி, ஆளுக நிக்கிது, வச்சுர்றேன்” என்றார்.

அடுத்த வருஷம் ரம்ஜான் பீவி ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டதாகச் சுற்றறிக்கையில் பார்த்தார். விலாசம் யாரிடமும் அவர் கேட்கவில்லை.

2009-இல் எல்லாக் கிளைகளின் கணக்கும் சென்னையில் ஒரே இடத்துக்குப் போயிற்று. கிளை சர்வர்கள் லாரியில் வந்து இறங்கின. அவற்றைத் துடைத்து அழிக்க ஸ்தனிஸ்லாஸ் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒவ்வொரு மெஷினின் முதுகிலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. சென்னைக்கு வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில், விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பித் தரும் வேலைக்குச் சேர்ந்தார். எதிரே ஸ்டூலில் ஆள் வந்து உட்காரும். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் வாயால்தான் கேட்க வேண்டும். முட்டி மோதிக் கேட்டார். சிலர் கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார்கள். சிலர் பொறுத்திருந்தார்கள்.