பச்சைத் தண்ணீர்

கண்ணாடித் தொழிற்சாலையில் அவளுக்குத் தண்ணியக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான்: உலைக்கூடத்தில் நிற்கும் முப்பது பேருக்கும் குடிக்கக் கொண்டுபோய்க் கொடுப்பது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் சுருட்டி எடுத்து, வாயால் ஊதிக் குடுவையாக்குகிறவர்கள் அவர்கள். உலையின் வாய் திறந்தால் பத்தடி தள்ளி நிற்பவனின் புருவமும் பொசுங்கும். சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மாலையில் முதுகெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். வியர்வையில் தண்ணீர் போய்விடும். உப்புதான் சட்டையில் தங்கும்.

அவள் கொடுத்தது வெறும் தண்ணீர் அல்ல. அவளுடைய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பேதியில் துவண்டு, கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. சுகாதார நிலையத்து நர்ஸ் ஓர் அளவு சொன்னாள். ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை பிழைத்தது. பிள்ளைக்கு ஆகிறது உலைக்காரனுக்கு ஆகாதா என்று அவள் அதே அளவைத் தொழிற்சாலைக் குடத்திலும் கலக்க ஆரம்பித்தாள்.

எதற்காக அந்த அளவு என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் வரும், போகும், யாரும் தடுப்பதில்லை. உப்புக்கு அந்தச் சலுகை இல்லை. சவ்வில் பதிந்திருக்கும் நுண்ணிய இறைப்பான்கள், உள்ளே கசிந்து வரும் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த வேலைக்கே போகிறது. குடலில் உப்புக்கென்று ஒரு வாசல் உண்டு. சர்க்கரையும் கூட வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். ஆறு கரண்டியும் அரைக் கரண்டியும் அதற்குத்தான்.

உப்பு எங்கே அதிகமோ தண்ணீர் அங்கே ஓடும். இரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டால் செல்லுக்குள் ஓடும். செல் வீங்கும். கை கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு இடம் கொடுக்காது.

போன கோடையில் ஒருவர் உலை முன்னால் மயங்கி விழுந்தார். ஆய்வாளர் வந்து, தொழிலாளருக்குப் போதிய சுத்தமான குடிநீர் தரப்பட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் ஒரு வருடம் யோசித்து ஒரு சுத்திகரிப்பு மெஷின் வாங்கினார். தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் வடித்து எடுத்துவிடும் மெஷின். பக்கத்துச் சுவரில் ஓர் அட்டவணையும் ஏறியது. ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர். குடித்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் விளக்கக் கடிதம்.

அவள் உப்பு டப்பாவை எடுத்தபோது மேனேஜர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது?”

“உப்பு சார். கொஞ்சூண்டுதான்.”

“சுத்தமான தண்ணியில உப்பைக் கொட்டுவியா? டேங்க் துருப்பிடிக்கும். சர்க்கரைக்கு எறும்பு வரும். இதென்ன உன் வீட்டு அடுப்படியா?”

“அவங்க உப்பா வேர்க்கிறாங்க சார். பச்சைத் தண்ணியா குடுத்தா…”

“நீ டாக்டருக்குப் படிச்சியா?”

அவள் எட்டாவது வரை படித்திருந்தாள். அவர் வணிகவியல் படித்திருந்தார். டப்பா குப்பைக்குப் போனது.

அவளுடைய தம்பி மூன்றாவது உலையில் ஊதுகிறவன். கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டிலேயே இருந்தான். வாய் சும்மா இருக்காது. முதல் நாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “அக்கா, மாட்டுக்குக்கூட தாகமெடுத்தாத்தான் தண்ணி காட்டுவாங்க” என்றான். மற்றவர்கள் அங்கங்கே கட்டத்தைக் காலியாக விட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அவன் மட்டும் ஒரு கட்டம் விடாமல் குடித்தான். விளக்கக் கடிதம் எழுத அவனுக்கு வராது.

மூன்றாம் நாள் தலைவலி என்றான். ஐந்தாம் நாள் விரல்கள் தடித்து, மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினான். ஏழாம் நாள் மதியம் வாந்தி எடுத்தான்.

“சூடு தாங்கல. இன்னும் ஒரு சொம்பு குடி, சரியாயிடும்” என்றார் மேஸ்திரி. கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மூன்று மணிக்கு அவன் ஊதுகுழாயை உலையில் விடுவதற்குப் பதில் சுவரில் முட்டினான். கூப்பிட்டால் பார்த்தான், பதில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு வார்த்தையும் குழறின. கால் பின்னிச் சரிந்தான்.

“தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்” என்று எவனோ சிரித்தான். மேஸ்திரி தம்பியின் தலையை மடியில் வைத்து வாயில் தம்ளரைச் சாய்த்தார். அவள் ஓடி வந்து தம்ளரைத் தட்டிவிட்டாள்.

“குடுக்காதீங்க. அவனுக்குத் தண்ணி குடுக்காதீங்க.”

உலைக்கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பதினாறு வருடம் தண்ணீர் கொடுத்தவள், மயங்கிக் கிடக்கும் கூடப் பிறந்தவனுக்குத் தண்ணீர் வேண்டாம் என்கிறாள்.

“ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“ஏழு லிட்டர் உள்ள போயிருக்குண்ணே. கையைப் பாருங்க, எப்படி உப்பியிருக்குன்னு. வண்டியக் கொண்டு வரச் சொல்லுங்க.”

அவனை வண்டியில் ஏற்றும்போது அவள் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்துக்கொண்டாள். ஆபீஸ் பேப்பரைத் தொடாதே என்று காவலாளி பின்னால் கத்தினான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு மேசை. ஒரு நர்ஸ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“தண்ணி அதிகமா குடிச்சிட்டான் சிஸ்டர்.”

“எப்பலேருந்து?”

“காலையில எட்டு மணிலேருந்து.”

“எட்டு மணிக்கேவா? தினமுமா?”

“ஒரு வாரமா தினமும்தான். மேனேஜர்தான் குடிக்கச் சொன்னாரு.”

நர்ஸ் இப்போது நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற வார்டு ஆளிடம், “கேட்டீங்களாண்ணே? மேனேஜரே ஊத்திக் குடுக்கிறாராம். நமக்கும் வாய்ச்சிருக்காரே” என்றாள். இருவரும் சிரித்தார்கள். சீட்டில் ‘போதை’ என்று எழுதினாள். தாழ்வாரத்து பெஞ்சில் படுக்கவைத்து ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

நம் மொழியில் ‘தண்ணி’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்: குடிநீர், சாராயம். பணக்காரன் வீட்டுப் பிள்ளை அதே தாழ்வாரத்தில் குழறியிருந்தால் முதல் பொருளைத்தான் எடுத்திருப்பார்கள். கையில் தழும்பும் சட்டையில் கரியும் இருந்ததால் இரண்டாவது பொருள், விசாரணை இல்லாமலே.

சிரிப்பு எதற்கென்று அவளுக்குப் புரியச் சில நிமிடம் ஆனது. புரிந்ததும் நர்ஸின் கையைப் பிடித்தாள். “சிஸ்டர், சாராயம் இல்லை. தண்ணி. பச்சைத் தண்ணி.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

“இந்தப் பாட்டில்ல என்ன இருக்கு? உப்பு இருக்கா?”

“குளுக்கோஸ். தெம்பு வரும்.”

வெறும் சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரையை உடம்பு எரித்த பிறகு மிஞ்சுவது மறுபடி தண்ணீர்தான். அவளிடம் அந்த விளக்கம் இல்லை. அரைக் கரண்டி குறைகிறது என்பது மட்டும் தெரிந்தது. கையை நீட்டிக் குழாயின் திருகை இறுக்கி மூடினாள். சொட்டு நின்றது.

“யாரைக் கேட்டு மூடினே?” நர்ஸ் காவலாளியைக் கூப்பிட்டாள். காவலாளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் பெஞ்சின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த இழுபறியில்தான் தம்பிக்கு வலிப்பு வந்தது. பற்கள் கிட்டின, குதிகால் இரண்டும் பலகையில் தடதடவென்று அடித்தன. பெஞ்சோடு சேர்ந்து அவளும் அதிர்ந்தாள்.

சத்தம் கேட்டு ஒரு பெண் டாக்டர் ஓடி வந்தாள். அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள், முகத்தருகே குனிந்தாள்.

“வாடையே இல்லையே. யாரு போதைன்னு எழுதினது?”

தண்ணியக்கா தன் மடியிலிருந்த அட்டவணையை எடுத்து டாக்டரின் முழங்காலில் விரித்தாள். “தண்ணிம்மா. மெஷின் தண்ணி. ஒரு டிக், ஒரு லிட்டர்.”

டாக்டரின் விரல் தம்பியின் பெயருக்கு நேரே இருந்த ஏழு நாள் கட்டங்களின் மேல் ஓடியது. அன்று மூன்று மணி வரை ஒன்றுகூடக் காலி இல்லை. “இதை உத்தரவு போட்டா குடிக்க வச்சாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பாட்டிலைக் கழற்றி எறிந்தாள்.

இரத்தத்தில் சோடியம் நூற்றுப் பன்னிரண்டு. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது. அடர்ந்த உப்புக் கரைசலைக் கொஞ்சம் ஏற்றியதும் வலிப்பு நின்றது. பிறகு டாக்டர் வேகத்தைக் குறைத்துவிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் வேகமா ஏத்துங்கம்மா. ஒரே வாட்டியா குடுத்திடுங்க” என்று அவள் கெஞ்சினாள்.

“முடியாதுங்க. ஒரு வாரமா மூளை இந்த வீக்கத்துக்குத் தாக்குப்பிடிச்சிருக்கு. உள்ள இருக்கிற உப்பை வெளியே தள்ளி, எப்படியோ சமாளிச்சிருக்கு. இப்ப வெளியே திடீர்னு உப்பைக் கூட்டினா உள்ள இருக்கிற தண்ணி ஒரேயடியா ஓடி வந்துடும், மூளை சுருங்கிடும். பேச்சு போயிடலாம், கை கால் போயிடலாம். சோடியம் ஒரு நாளைக்கு எட்டு ஏறினாப் போதும்.”

“எட்டுன்னா பிழைச்சுடுவானா?”

“நாளைக்குத்தான் தெரியும். எழுந்ததும் பேச்சுக் குடுத்துப் பார்க்கணும். ஆளைத் தெரியுதான்னு பார்க்கணும்.”

மாலையில் மேனேஜர் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். வார்டுக்குள் வரவில்லை. மேசையில் கிடந்த ‘போதை’ சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, “எல்லாம் அவன் தலையெழுத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். தலையில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. சுவரில்தான் எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில்.

அவள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு தாமதித்தால் பயந்தாள். அடுத்தடுத்து விழுந்தால் அதைவிடப் பயந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோடியம் நூற்றுப் பத்தொன்பது. தம்பி கண்ணைத் திறந்தான். விட்டத்தைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எதுவும் இல்லை.

“டேய். என்னைத் தெரியுதா? நான் யாருடா?”

உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“மேனேஜரு.”

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். வாயோரம் ஓர் இழுப்பு இருந்தது. அது அவனுடைய வழக்கமான நக்கலா, மூளை விட்டுப்போன இடமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட எழுந்தவள் மறுபடி குனிந்தாள்.

“சரியா பாருடா. நான் யாரு?”