புரொப்பெல்லருக்குக் கட்டிய மஞ்சள் நூல்

மூன்று கோடைகளுக்கு முன்பு, மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே மில்லிக்கனில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய மோட்டார் படகு வந்து நின்றது. பதினேழு அடி நீளம், பின்னால் தொண்ணூறு குதிரைவலு எஞ்சின், இருக்கையெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. வாங்கியவர் என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் மட்டக்களப்புப் பக்கம். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு பேரைக் கொண்டு போனது. அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள எதிலும் நான் இறங்கியதில்லை. கணவரோ யாழ்ப்பாணத்தில் கரையோரம் வளர்ந்தவர், தண்ணீரைக் காணாவிட்டால் மூச்சு முட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் எலியும் பூனையும்.

வாகனம் வாங்கினால் எலுமிச்சங்காய் நசுக்காமல் வீதிக்கு இறக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. படகுக்கு ஏது சில்லு? அதை ஏற்றி வந்த டிரெய்லரின் சில்லுகளுக்கு அடியில் இரண்டு எலுமிச்சங்காய் வைத்தேன். "உது படகுக்குப் பூசையில்லை, டிரெய்லருக்குப் பூசை" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதானே, தண்ணீரில் போகப் போகிற சாமானுக்கு ஒரு காவலும் செய்யவில்லையே என்று அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

விடிந்ததும் அவர் எழும்பும் முன் கோயில் மஞ்சள் நூலோடு வெளியே போனேன். காருக்கென்றால் ஸ்டியரிங்கில் கட்டலாம். படகைத் தள்ளிக்கொண்டு போவது பின்னால் உள்ள புரொப்பெல்லர்தானே, காவல் அங்கேதான் வேண்டும் என்று யோசித்தேன். பருத்தி நூல் தண்ணீரில் ஒரு கிழமையும் தாங்காது. ஆகவே கணவரின் தூண்டில் பெட்டியிலிருந்து நைலோன் நூலை வெட்டி, மஞ்சள் நூலோடு முறுக்கி, புரொப்பெல்லருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஆறு சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். விரல் போகாத இடத்தில் விளக்குமாற்று ஈர்க்கால் தள்ளி விட்டேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் ஒரு மாதத்துக்குப் பகிடி பண்ணுவார்.

அந்தக் கோடை முழுக்க அவரும் மகளும் ஏரிக்குப் போவதும், நான் கரையில் கதிரையைப் போட்டுக்கொண்டு கந்தசஷ்டி கவசம் முணுமுணுப்பதுமாகக் கழிந்தது. படகு ஒழுங்காக ஓடவில்லை. அவர் தனியாகப் போனால் பரவாயில்லை. நாலு பேர் ஏறினால் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு, கத்தும், நகராது. "ஆரோ தள்ளி விட்ட ஓட்டைப் படகை நம்பிப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போறியள்" என்று நான் திட்டாத நாள் இல்லை.

ஓகஸ்ட் கடைசியில் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறாள். அதற்கு முன் ஒஷாவாவிலிருந்து படகில் புறப்பட்டு, ரொறன்ரோக் கட்டடங்களைத் தண்ணீரிலிருந்து காட்டுகிறேன் என்று அப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அவளோடு இரண்டு சிநேகிதிகள். ஞாயிறு காலை பயணம். நாலு பேரோடு படகு எழும்பாது என்பதால், சனிக்கிழமை ஒஷாவாவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்ட ஒழுங்கு பண்ணினார்.

எண்ணெய்க் கறையோடு ஒரு மீசைக்காரர் வருவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். படகில் வழக்கமாக எத்தனை பேர், என்னென்ன சாமான் என்று கேட்டார். ஐஸ் பெட்டி, சோற்றுப் பெட்டி, எல்லாம் இப்போதே ஏற்றச் சொன்னார். பாரமில்லாமல் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் பொய் சொல்லுமாம். கணவர், மகள், அவர் என்று மூன்று பேர்தான், நாலுக்கு ஒரு ஆள் குறைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் ஏறுங்கள்" என்றார்.

ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு என் பிள்ளை போகப் போகிற படகு அது, அதனால்தான் போலும். மகள் உயிர்காப்பு அங்கியை மாட்டி இறுக்கினாள். கரை பின்னால் போகப் போக நான் அவளது கையை விடவில்லை. ஏரி என்கிறார்கள், மறுகரையே தெரியவில்லை. தண்ணீர் அன்றைக்குக் கண்ணாடியாகக் கிடந்தது. இவ்வளவு பெரியது இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று பயத்துக்குள்ளேயும் நான் வியந்துபோனேன்.

கணவர் எஞ்சினை முழுவேகத்துக்குத் தள்ளினார். அந்தப் பெண் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "நிமிடத்துக்கு நாலாயிரத்து முந்நூறு சுற்று இருக்கும்" என்றார். நான் எட்டி மானியைப் பார்த்தேன். முள் நாலாயிரத்து முந்நூறில் நின்றது.  இந்த எஞ்சின் ஐயாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டும், உங்கள் புரொப்பெல்லரின் பிற்ச் தேவைக்கு மேல் கூட என்றார். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்ற கணக்குத்தான் பிற்ச். முன்பு வைத்திருந்தவர் தனியாக வேகமாக ஓட இருபத்தொன்று போட்டிருக்கிறார், குடும்பத்தோடு போக பதினேழு வேண்டும். முழுக் குடும்பத்தையும் ஏற்றிய வான் வண்டியை மேட்டில் நாலாம் கியரில் ஏற்றுகிற மாதிரி என்றதும் எனக்கே விளங்கியது.

அதைச் சொன்னவர் சட்டென்று கதையை நிறுத்தி, தலையைச் சரித்துக் காது கொடுத்தார். கணவரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். கீழே கியர் பெட்டியில் வேறு ஒரு சத்தம் இருக்கிறதாம். எங்கள் மூன்று பேருக்கும் எஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

படகைக் கரைக்கு ஏற்றி, அடியில் ஒரு தட்டை வைத்து, கியர் ஒயிலைத் திறந்தார். கறுப்பாக வர வேண்டியது பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் ஒழுகியது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றார். அடுத்ததாகப் புரொப்பெல்லரைக் கழற்றினார். அது மாட்டியிருந்த தண்டைச் சுற்றி, உருகி இறுகிப்போய், மோதிரம் மாதிரி ஒரு வளையம். கத்தி நுனியால் நெம்பி எடுத்தார். நைலோன். இடையிடையே மஞ்சள்.

தண்டு சுற்றச் சுற்ற அந்த நூல் உள்ளே இழுபட்டு, சூட்டில் இளகி, தண்ணீரைத் தடுக்கிற 'சீல்' என்ற ரப்பர் அடைப்பை வெட்டியிருக்கிறது. கியர் பெட்டிக்குள் ஏரியை விட்டது, நான் கோயிலில் வாங்கி வந்த நூல்.  கணவர் தலையில் கைவைத்தார். "என்ட தூண்டில் நூல்தான். நான்தான் கவனமில்லாமல் விட்டிட்டன்" என்றவர் என் பக்கம் திரும்பி, "ஓட்டைப் படகெண்டு நீர் சொன்னது சரி. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். மகள், "அப்பா, சீரியஸ்லி?" என்று முறைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்தப் பெண் வளையத்தைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே அதே மஞ்சள் நூல். அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். தூண்டில் நூல் இப்படிப் போவது எல்லாருக்கும் நடக்கிறதுதான், நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள் என்று மட்டும் கணவரிடம் சொன்னார். நாளைக்கு இதோடு போயிருந்தால் பாதி வழியில் கியர் இறுகியிருக்கும், திரும்பி வந்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னார். 

கணவரும் மகளும் எங்கள் வான் வண்டிக்குப் போன நேரம் அவர் என்னிடம் வந்து, கடதாசித் துவாலையில் மடித்து அந்த வளையத்தைத் தந்தார். "இது உங்களுடையது என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஸ்டியரிங்கில் கட்டுங்கள்." அவரது கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சின்ன மாதா பதக்கம் டேப்பால் ஒட்டியிருந்தது. "என் அம்மா ஒட்டியது. அவரும் பயந்தவர்தான்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

படகு அங்கேயே நின்றது, பயணம் ரத்து. பிள்ளைகள் ஏமாறக் கூடாதென்று மறுநாள் கட்டிய சோற்றோடு ஒஷாவா ஏரிக்கரைக்கே போனோம். காலையில் நல்ல வெயில். மத்தியானம் காற்று மாறியது. கண்ணாடியாகக் கிடந்த அதே தண்ணீர் எழும்பி, வெள்ளை வெள்ளையாக உடைந்து, கரைக் கற்களில் அடித்தது. வானமும் ஏரியும் ஒரே சாம்பல் நிறம். ஒரு படகும் இல்லை. மகள் என் தோளில் சாய்ந்து, "அம்மா, நாங்க இந்நேரம் அதுக்குள்ள நிண்டிருப்பம்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கணவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், கைப்பையிலிருந்து அந்த வளையத்தை எடுத்துக் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "நீர் பயந்துகொண்டிருக்க, நான் சிரிச்சிட்டன்" என்றார்.  இந்த முறை பகிடி பண்ணவில்லை.

செப்டம்பரில் புது சீலும் பதினேழு பிற்ச் புரொப்பெல்லரும் போட்டு, மகள் வார விடுமுறைக்கு வந்த ஒரு நாள் எல்லாரும் ஏறினோம், நானும்தான். முள் ஐயாயிரத்து இருநூறுக்குப் போனது. படகு மூக்கைத் தாழ்த்தி, தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கியது. ஸ்டியரிங்கில் மஞ்சள் நூல் காற்றில் ஆடியது. என்னைக் கலங்க வைத்த தண்ணீரின் மேல் நான் சிரித்துக்கொண்டு போனேன்.

இப்போது எங்கள் வீட்டில் புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டுக்குக் கிறீஸ் பூசுவதும், ஒயிலின் நிறம் பார்ப்பதும் என் வேலை. கோயில் நூலும் வாங்காமல் விடுவதில்லை. ஆனால் எங்கே கட்டினாலும், அதற்குப் பின்னால் என்ன சுற்றுகிறது என்று முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுகிறேன்.