புனித வெள்ளியின் வஞ்சிரம்

மோட்சத்தின் சாவி என் மாமியாரிடம்தான் இருக்கிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மோட்ச வாசலைக் காக்கும் பேதுரு அதை இவரிடம் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்று கணவரிடம் கிண்டலடிப்பேன். ஜெபமாலை, நவநாள், தவக்காலத்து ஒருசந்தி நோன்பு, எதையும் விடாதவர். பூசைக்கு யார் தாமதமாக வந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. நானோ மண்டபத்தூரில் மீனவர் வீட்டில் பிறந்தவள். விரும்பியவரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்று, தலத்தெருவில் இருக்கும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். முதலில் கல்யாணத்துக்காகத்தான். பிறகு அந்த விசுவாசம் எனக்கே சொந்தமாகிவிட்டது.

அப்பா இந்தக் கல்யாணத்துக்கு லேசில் சம்மதிக்கவில்லை. சம்மதித்த பிறகு எதையும் அரைமனதாகச் செய்யவும் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கறி சாப்பிட மாட்டோம், மீன் சாப்பிடலாம் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். அதிலிருந்து அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒயர் கூடையில் மீனோடு வந்து நின்றுவிடுவார். காலாவோ கொடுவாவோ, அன்றைக்குப் படகில் கிடைத்தது எதுவோ அது. மாமியாரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

அந்த முதல் வருஷம் புனித வெள்ளி வந்தது. வெள்ளிகளிலேயே பெரிய வெள்ளி இது, அன்றைக்கு மீனும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. ஏலத்துக்குப் போக வேண்டிய வஞ்சிரம் ஒன்றை எடுத்து வைத்து, ஐஸ் போட்டுக் காலையிலேயே கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டிலோ அன்று கஞ்சியும் துவையலும்தான். அதுவும் மூன்று மணி வழிபாடு முடிந்து வந்த பிறகுதான், அதுவரை பட்டினி.

"இன்னிக்கு ஆண்டவர் உயிர் விட்ட நாளுங்க சம்பந்தி. மீனெல்லாம் வீட்டுக்குள்ள வரக்கூடாது, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் மாமியார், வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி. வார்த்தையில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. அப்பா தெரியாமல் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே கூடையைப் பைக்கில் மாட்டிக்கொண்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் எதற்கு இருக்கிறது? அதை அன்றே கேட்டும்விட்டேன். மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலில் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிவிட்டார். மறு வருஷத்திலிருந்து அப்பா புனித வெள்ளியன்று எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. ஈஸ்டருக்கு முதல் நாள் வந்து மீனைக் கொடுத்துவிட்டுப் போவார்.

சில வருஷங்கள் கழித்து, ஐப்பசி மழையில், நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார். கடற்கரையிலேயே எரித்தோம், சாம்பலும் கடலோடு போயிற்று. கொஞ்ச நாளிலேயே சகல புனிதர் திருநாள் வந்தது. புனிதராவதற்கு நம் எல்லோருக்கும் அழைப்பு உண்டு, அது சாமியார்களுக்கு மட்டும் வந்த அழைப்பல்ல என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். அந்த 'எல்லோரில்' என் அப்பா உண்டா? பூசை முடிந்ததும் போய்க் கேட்டேன். நேர்மையாக வாழ்ந்தவர்களைக் கடவுள் கைவிட மாட்டார், திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது என்றார் ஃபாதர். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் படித்தவர், இதமாகப் பேசத் தெரிந்தவர். எனக்கு அதைச் சாவி வைத்திருப்பவர் சொல்ல வேண்டும்.

மறுநாள் கல்லறைத் திருநாள். மாமனாரை அடக்கம் செய்திருந்த குடும்பக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அப்பாவுக்கும் இங்கே ஒன்று ஏற்றட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன். கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவையைக் காட்டினார். வெளியூரில் புதைத்தவர்களுக்கெல்லாம் அங்கேதான் ஏற்றுவார்கள். அப்பா மோட்சத்தில் இருப்பாரா என்று நேராகவே கேட்டேன். அது ஆண்டவருக்குத்தான் தெரியும், வேண்டிக்கொள் என்றார்.

"எங்கப்பா இல்லாத மோட்சம் எனக்கு எதுக்கு அத்தை?"

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் நடுச் சிலுவைக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த ஈஸ்டர் அன்று மாமியாரும் நானும் பிரியாணி எடுத்துக்கொண்டு மண்டபத்தூருக்குப் போனோம். அம்மா பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு எங்கெங்கோ சுற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், புனித வெள்ளியன்று உலை வைக்கக் கை வரவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

"உங்கப்பா அன்னிக்குச் சாப்புடாது. அந்த மீனைத் திருப்பிக் கொண்டாந்த வருசத்துலேர்ந்து. சம்பந்தி வூட்டுல பட்டினி கெடக்குறாங்க, நமக்கு என்ன சோறுன்னு சொல்லும். மூணு மணி தாண்டுனாத்தான் கஞ்சி குடிக்கும். உங்கள்ட்ட சொல்லக் கூடாதுன்னுடுச்சு."

ஒரு வேளை பசி தாங்காத மனிதர் என் அப்பா. சோறு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டைத் தட்டுவார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது பஸ் கோட்டுச்சேரியைத் தாண்டியும் மாமியாரின் ஜெபமாலை மடியில் கிடந்தது, விரல் நகரவில்லை. அப்பாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வரும் என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். வரவில்லை. சரி, சாவியை வைத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டேன்.

மறுபடி கல்லறைத் திருநாள் வந்தது. தூறலில் நான் குடை பிடிக்க, மாமியார் குனிந்து மாமனாருக்கு ஏற்றினார், மாமனாரின் அம்மாவுக்கு ஏற்றினார். பிறகு பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து, மாமனாருடையதற்குப் பக்கத்தில் மெழுகைச் சொட்டவிட்டு நிறுத்தினார்.

யாருக்கு என்று கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு."

விட மனசில்லை எனக்கு. அவர்தான் ஞானஸ்நானம் வாங்கவில்லையே, நடுச் சிலுவையில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். மாமியார் நிமிரவில்லை. காற்றுக்குக் கையால் அணைகட்டித் திரியைப் பற்ற வைத்தார்.

"புனித வெள்ளிக்குப் பட்டினி கெடந்தவருக்கு ஈஸ்டர் சோறு இல்லாமப் போயிடுமா?" என்றார். பிறகு சுடரைப் பார்த்துக்கொண்டே, "வாசலோட திருப்பி அனுப்புனது நான்தாம்மா. ஆண்டவர் அனுப்ப மாட்டாரு" என்றார்.

தூறல் வலுத்தது. நான் குடையை மெழுகுவர்த்திகளின் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் நனைந்துகொண்டே ஜெபம் சொன்னோம்.