பாதத்தில் கணையம் இருக்கிறதா?

போன வாரம் சுமதியோடு செங்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாடிப்படி ஓரத்தில் புதுசாக ஒரு போர்டு. பெரிய பாதம் ஒன்றை வரைந்து, கலர் கலராகக் கட்டம் பிரித்து, உள்ளே இதயம், கல்லீரல், கிட்னி என்று எழுதியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் – ‘இது மசாஜ் அல்ல, சிகிச்சை!’

படித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் சுமதியைக் காணோம். நாலு கடை தள்ளி ஒரு பழக்கடை முன்னால், அந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தாள். பழம் வாங்கவும் இல்லை, விலை கேட்கவும் இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

சுமதி, வேங்கிக்காலில் எனக்குப் பக்கத்து வீடு. கணவர் குமரேசன் தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சுகர் வந்து பல வருஷமாகிறது. கால் எரியுது, மரத்துப்போவுது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். சண்டையெல்லாம் கிடையாது. பேச்சும் கிடையாது. “சாப்டியா?” “ஆச்சு.” அப்புறம் டிவி. நிறைய வீடுகளில் அப்படித்தானே இருக்கிறது?

அப்போதுதான் யாரோ சொல்லி, ரிஃப்ளெக்ஸாலஜி வகுப்பு ஒன்றில் சுமதி சேர்ந்தாள். பாதத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் உடம்புக்குள் ஒரு உறுப்போடு தொடர்பு உண்டு. இங்கே அழுத்தினால் அங்கே வேலை நடக்கும் – இதுதான் பாடம். உள்ளங்கால் வளைவில் கணையம். அதை எழுப்பிவிட்டால் சுகர் தானாக இறங்கிவிடுமாம்...

தினமும் சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய், கட்டைவிரலால் அழுத்தம், அரை மணி நேரம்.

ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். சுகர் இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

“அக்கா, அவரு பேசறாருக்கா!”

“என்ன பேசறாரு?”

“எல்லாம்தான். குத்துவிளக்கு வாங்க வந்த பொம்பள ஒண்ணொண்ணா தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லன்னு சொல்லிட்டுப் போனாளாம். கலியாணமான புதுசுல கூட இவ்ளோ பேசினதில்லக்கா.”

அப்புறம் காம்பவுண்ட் சுவரைத் தாண்டி இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். குமரேசனுக்கு நல்ல தூக்கம். முகத்தில் ஒரு தெளிவு. பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்க வூட்டம்மா கை வைத்தியம்” என்று பெருமை வேறு.

சித்திரா பௌர்ணமிக்கு இரண்டு பேரும் கிரிவலம் போனார்கள். சாயந்திரமானால் கூட்டம் தாங்காது என்று பகலிலேயே கிளம்பிவிட்டார்கள். வெறுங்கால், தார் ரோடு, சித்திரை வெயில். அடி அண்ணாமலை வருவதற்குள் சுமதியால் முடியவில்லை. ஒரு கடை நிழலில் உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டாள். குமரேசன் வெயிலிலேயே நின்றாராம். சிரித்துக்கொண்டே.

“பாத்தியா, எனக்குச் சுடவே இல்ல. எல்லாம் உன் வைத்தியம்தான்!”

சுமதிக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்? சுடாமல் இருந்தது குணமானதால் அல்ல. கால் செத்துக்கொண்டிருந்ததால்.

மறுநாள் கால் கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம். வலி இல்லையே என்று அவரும் விட்டுவிட்டார். சுமதி மஞ்சள் குழைத்துப் போட்டாள். கொப்புளத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வழக்கம்போல அழுத்தினாள். புண் கறுத்து, வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாத்திரைய எப்போ நிறுத்தினீங்க?”

“நிறுத்தவே இல்லியே சார்!” – சட்டென்று சொன்னது சுமதி.

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏங்க...?”

“நீ புடிச்சு விடறதே கேக்குதுன்னு நெனச்சேன். அவ்ளோ ஆசையா பண்ற. இதுல மாத்திரையும் போட்டா, உன்ன நம்பாத மாதிரி இருக்கும்னு தோணிச்சு...”

சுமதி அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குமரேசனின் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார்கள்.

வெளியே வரும்போது டாக்டரிடம் நான் கேட்டேன் – ரிஃப்ளெக்ஸாலஜியில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா?

“கால் புடிச்சு விட்டா சுகமா இருக்கும், தூக்கம் வரும், டென்ஷன் கம்மியாவும். அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாதத்துலேர்ந்து கணையத்துக்கு ஸ்விட்ச் எதுவும் கிடையாதும்மா” என்றார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ‘வெறும் மசாஜ்’ என்று ஏன் அதை இவ்வளவு மட்டமாகச் சொல்கிறோம்? நாள் முழுக்க நின்ற காலை ஒருத்தி மடியில் வைத்துக்கொள்கிறாள். பேச மறந்த மனிதர் வாய் திறக்கிறார். இது போதாதா? போதவில்லையே... காரணமில்லாமல் தொட்டுக்கொள்ள நமக்குக் கூச்சம். வைத்தியம் என்று ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் அந்த மனுஷர் மாத்திரையை விட்டார்.

அன்றைக்கு செங்கம் ரோட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது சுமதியே பேச்செடுத்தாள்.

“புண்ணு நல்லா ஆறிடுச்சுக்கா. மெதுவா புடிச்சு விடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவரும் தெனம் கேக்கறாரு. ‘வைத்தியமெல்லாம் வேணாம், சும்மா புடிச்சு விடேன்’னு.”

“நீ என்ன பண்ற?”

“புடிக்கிறேன். பேசிக்கிட்டேதான் இருக்காரு பாவம்...” வெளியே பார்த்தாள். “வெரலு இருந்த எடத்துக்கு மட்டும் கை போவ மாட்டேங்குதுக்கா.”

வீட்டில் யாருக்காவது கால் பிடித்துவிடுகிறீர்களா? தாராளமாகப் பிடியுங்கள். அப்படியே, மாத்திரை போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க!