ஆறு மணிப் பூட்டு

நான்தான், குச்சி. நகராட்சி ஆபீசுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கேன். டைப் பண்ணப் பொறுமையில்ல. அதான் நான் பேசப் பேச போனே டைப் பண்ணுது. அக்கா, இருபத்திரண்டு வயசுல கதை விடுறான்னு மாமா சிரிச்சா சிரிக்கட்டும். இது இப்ப எனக்கு நடந்தது.

நகராட்சிக்குப் பணமுடைன்னு போன மாசம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன்ல? கூட்டித் துடைக்க நாலு பேர் இருந்தோம். இப்ப நான் ஒருத்தன். இன்னையிலிருந்து கீழ்த்தளமும் என் தலையில. பழைய ஃபைல் ரூம். "முடியாதுன்னா சொல்லு, வெளிய ஆள் வரிசையில நிக்குது"ன்னாரு சூப்பர்வைசர். வேலை போனா தங்குற ரூமும் போயிடும். வாயை மூடிட்டு இறங்கிட்டேன்.

மணி அஞ்சு ஐம்பது. ஆறு மணிக்கு எல்லாக் கதவும் தானாப் பூட்டிக்கும். வாச்மேனை எடுத்துட்டு மெஷின் வச்சிருக்காங்க. கதவுக்கு முட்டுக் கொடுக்க வாளியை வச்சேன். துடைச்சுக்கிட்டே உனக்கு இதே மாதிரி மெசேஜ் பேசிட்டு இருந்தேன்.

டொக்... டொக்...

தொண்டை கட்டின ஆம்பளைக் குரல்.

"...யாராவது இருக்கீங்களா?"

பூட்டுறதுக்கு முன்னாடி யாரோ பார்க்க வந்திருக்காங்கன்னு நினைச்சேன்.

"இருக்கேண்ணே! இதோ கிளம்பிட்டேன்!"

"கிளம்பாதப்பா..."

திரும்பினேன். வெளிய யாருமே இல்ல.

டொக்... டொக்...

திறந்து கிடக்குற கதவு அதிருது. தட்டுறது உள்பக்கத்துல இருந்து.

வாளி நகருது...

தண்ணி தளும்புது...

ஓடிட்டேன்.

வாசல்ல நகராட்சி வண்டி டிரைவர். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"கீழ யாருண்ணே இருக்கா?"

அவர் சிரிப்பு நின்னுடுச்சு.

"வாச்மேன் அண்ணன்தான்டா தினமும் ரூம் ரூமாப் போய், 'உள்ளே யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுப் பூட்டுவாரு. கடைசி நாளும் போனாரு. அன்னைக்குத்தான் மெஷின் போட்டிருந்தாங்க. அவர் கீழ்த்தளத்துல இருக்கும்போதே பூட்டிக்கிச்சு. அடுத்து நாலு நாள் லீவு. மனுஷன் சுகர்காரரு. லீவு முடிஞ்சு பொணமாத்தான் எடுத்தாங்க, வெளிய தெரியாம மறைச்சுட்டாங்க. உள்ள ஆள் இருக்கான்னு போய்ப் பார்க்குறதுக்கு இருந்ததே அவரு ஒருத்தருதானே..."

அந்தக் குரலோட முதல் வார்த்தை எனக்குச் சரியாக் கேக்கல, 'உள்ளே'ன்னுதான் இருக்கும்னு நினைச்சேன். இப்பதான் போனை எடுத்துப் பார்த்தேன். உனக்கு அனுப்பாத மெசேஜ் அப்படியே நிக்குது, அக்கா. அந்தக் குரல் சொன்னதையும் போன் டைப் பண்ணியிருக்கு.

"வெளியே யாராவது இருக்கீங்களா"

வெளியே...

நாளைக்கும் கீழ்த்தளம் எனக்குத்தான். அக்கா, தினமும் ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் போடு. நான் எடுக்கலைன்னா விடாதே. ஆபீசுக்குப் போட்டு, யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லு.