ஆப்பிளுக்குக் கவ்வாத்து

பதுளையில் ஆப்பிள் வளர்க்கப் போகிறேன் என்றபோது யாரும் சிரிக்கவில்லை. பெண்சாதி குவைத்துக்குப் போன வீட்டில் ஆம்பிளை ஏதாவது செய்யத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே அவள் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஆப்பிள் தோல் சீவுகிறாள். "லீவுல வர்றப்ப நம்ம மரத்துல ஒன்னு பறிச்சு தோலோட கடிக்கணுங்க" என்று போனில் சொன்னாள். உடனே வெலிமடை நாற்றுக்கடைக்குப் போனேன்.

"பதுளைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கண்ட ரகமும் ஆகாது. குளிர் கம்மியா கேக்குறதா வேணும். இது அன்னா," என்றார் கடைக்காரர்.

"நானும் அண்ணாதான். கன்னு பேரச் சொல்லுங்க."

அவர் சிரிக்காமல் அந்த அன்னா ரகக் கன்றோடு மஞ்சள் பழ ரகம் ஒன்றையும் எடுத்து வைத்தார். "ஒத்தையா வச்சா காய்க்காதுண்ணே. ரெண்டும் சேந்து பூக்கணும்."

இரண்டு வருடத்தில் இரண்டும் என் உயரம் வந்தன. பூ மட்டும் இல்லை. அவள் வர ஆறு மாதம் இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நம்ம பக்கம் இலை தானா உதிராது. மொட்டையாக்கி விடுங்க, பூக்கும்."

இருபது வருடம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவனிடம் சொல்லும் வார்த்தையா அது? தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குவதுதானே கவ்வாத்து. அன்னாவுக்கு ஒரே வீச்சு. மஞ்சளிடம் வந்தபோதுதான் கை நின்றது. கட்டையில் பூ எங்கே வரும்?

மறுபடி போன் போட்டேன்.

"இலையத்தான்ணே கையால உருவச் சொன்னேன்."

விழுந்த மரத்தைத் தூக்கிக் கட்டையில் வைத்துப் உடுத்திய பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். பிள்ளையாருக்குத் தேங்காய், மாதாவுக்கு மெழுகுவர்த்தி; யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே பழம். விடிந்து பார்த்தால் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது.

மூன்று நாள் அவளிடமிருந்து வந்த போனை நான் எடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் வேறு ஒருவரோடும் பேசவில்லை என்பது, நான்காம் நாள் 'ஹலோ' சொல்ல வாய் திறந்து குரல் வராதபோதுதான் தெரிந்தது.

"ஏங்க, ஒன்னு சொல்லணும்," என்றாள்.

"மொதல்ல நான் சொல்லிர்றேன். மரத்த வெட்டிட்டேன்."

வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "மறுபடி துளிர் விடுமா?"

"விடும். பழம் பாக்க ரெண்டு வருசமாவது ஆகும்."

"அப்பச் சரிங்க. எனக்கும் லீவு இல்லையாம். இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க."

"மரத்துக்கு நல்லது," என்றேன்.

போனை வைத்துவிட்டு மஞ்சள் மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தேன். அது மட்டும் பூத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. எனக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை.