ஐந்தருவியில் பெய்த சாரல்

என் மனைவி விழுந்ததற்கு நான்தான் காரணம். அவள் உயிரோடு இருந்தவரை இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மறுநாள் தென்காசிக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் குளியலறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரண்டு படி இறங்க வேண்டும். வாக்கரோடு அவளால் முடியாது. படிகளை மூடிச் சாய்தளம் போட, சீக்கிரம் இறுகும் கான்கிரீட் கலவை வாங்கினேன். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் இறுகிய கையோடு ஈரம் காயாமல் காக்க வேண்டும்; க்யூரிங் என்போம். வெயிலென்றால் நனைத்த சாக்கு. காற்றடித்தால் சாக்கின் மேல் பாலித்தீன் தாள். அடைமழையென்றால் மேல்பரப்பு கரையாமல் ஒரு மறைப்பு. சிவில் இன்ஜினீயராக இருந்த முப்பது வருடமும் கொத்தனார்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் கடைசி அது. காலை பத்து மணிக்கு வேலை முடிந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நாலு சாக்க நனைச்சுப் போட்டுட்டுப் போறேன்" என்றார் கொத்தனார்.

"எதுக்குவே? வானமே தண்ணி ஊத்துதுல்லா."

"இந்தச் சாரல நம்ப முடியாது. ஒரு நிமிசம் தூறும், பத்து நிமிசம் காத்து உறிஞ்சிட்டுப் போவும்."

"எனக்கே க்யூரிங் படிச்சுக் குடுக்கேரா?"

"இன்ஜினீயர்ட்ட நான் மல்லுக்கட்டுவனா" என்று சிரித்தபடி கரண்டியைக் கழுவிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் அவளோடு அவள் தங்கை இருந்தாள். எனக்கோ அங்கே இரண்டு வாரம் நாற்காலியில் தூங்கிய உடம்பு. பஸ் ஏறிக் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். அங்கே சாரல் விடவே இல்லை. ஈரத் துண்டோடு நின்று, வீட்டிலும் இப்படித்தான் நனைந்துகொண்டிருக்கும் என்று நிம்மதியாக நினைத்தேன். குற்றாலத்தில் பெய்தால் தென்காசியிலும் பெய்யும் என்று எந்த விதியும் இல்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது தெரியாதா?

மதியம் திரும்பியபோது, கொடியில் ஈரமாகப் போட்ட அவளுடைய சேலை நன்றாகக் காய்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. சாய்தளம் சாம்பல் வெளுப்பில், மயிரிழை விரிசல்களோடு கிடந்தது. விரலால் தேய்த்தால் மாவாக வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். பயனில்லை என்று தெரிந்தேதான் ஊற்றினேன்.

உடைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். கலவை மீதி இருந்தது. கொத்தனார் வீடு அடுத்த தெரு. அவரிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. சிமெண்டைப் பாலாகக் கரைத்து மேலே பூசினேன். பார்வைக்கு அழகாக இருந்தது.

அவள் வந்த மூன்றாம் நாள், வாக்கர் ஊன்றிய இடத்தில் ஓரம் பெயர்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. அதன்பின் அவள் எழுந்து நடக்கவில்லை. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

அவள் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்த கொத்தனார் கொல்லைக்குப் போய், பெயர்ந்த ஓரத்தையும் உரிந்திருந்த பூச்சையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையேதான் சொல்வாள்: "நான் வாரேன்னு ஒரே நாளுல போட்டு வச்சிருந்தாக. நாந்தான் காலப் பாத்து வைக்கல."

அப்போதெல்லாம் நான் காபி எடுத்துவருவதுபோல அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன்.